வாசனை தவிர்க்கவும்

காலை ஆறே முக்கால். டார்ட்மத்.
ஜன்னல் விளிம்பில் உப்பும் பனியும் கலந்த அழுக்கு.
மாண்ட்ரியாலிலிருந்து தபாலில் வந்த குப்பி
என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
பெயர் பிரெஞ்சில். கைப்பேசியைக் காட்டினேன்,
'தோலுக்குக் கீழே' என்றது.
முழு பாட்டில் வாங்கினால்
ஒரு மாதம் மளிகை கிடையாது.
அதனால் ஒரே ஒரு சொட்டு,
முழங்கையின் உள்மடிப்பில்.
மணிக்கட்டில் கூடாது.
அலுவலக வாசலில், லிஃப்டில், கழிப்பறைக் கதவில்
ஒட்டியிருக்கிறார்கள்: வாசனை தவிர்க்கவும்.
ஒரு மூக்கு. அதன் குறுக்கே சிவப்புக் கோடு.

முதல் பத்து நிமிடம் அது யாருக்கும் சிநேகிதமில்லை.
நனைந்த ஆட்டு ரோமம். இரும்புச் சாவி.
மிளகு இடித்த கையைக் கழுவாமல்
யாரோ என் கையைப் பிடித்ததுபோல.
ஏமாந்தேன் என்று நினைத்துக்கொண்டே
தெர்மல், ஸ்வெட்டர், கோட்
மூன்று கதவையும் சாத்தினேன்.

ஃபெர்ரியில் டீசல், காப்பி, ஈரக் கம்பளி.
ஹாலிஃபாக்ஸ் துறைமுகக் காற்று
எல்லார் முகத்தையும் ஒரே துணியால் துடைத்தது.
கழுத்துப் பட்டியை விலக்கி, குனிந்து
என்னையே நான் மோந்து பார்த்தேன்.
எதிர் இருக்கைப் பையன் கடலைப் பார்த்தான்.
மிளகு போயிருந்தது. அந்த இடத்தில்
உரித்த பேரிக்காய். அதற்கும் பின்னால்
யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கை.

பத்து மணிக்கு மேல் எனக்கு ஒன்றுமில்லை.
கழிப்பறையில் சட்டைக் கையைச் சுருட்டி
மூக்கை வைத்து அழுத்தினாலும் தோல், வெறும் தோல்.
சில கஸ்தூரிகள் சில மூக்குகளுக்கு எட்டாதாம்.
மூலக்கூறு பெரிது, வாசல் சிறிது என்று
எங்கோ படித்திருக்கிறேன்.
இதற்காக எந்த மானின் வயிறும் கிழியவில்லை.
ஆய்வகத்தில் பிறந்தது.
என்னிடம் மட்டும் பேசாதது.

பதினொன்றே கால். டொரீன் என் மேசைக்கு வந்தாள்.
அந்த அறிவிப்பெல்லாம் அவளுக்காகத்தான்:
யாரோ ஒருவரின் ஷாம்பூ போதும்,
இரண்டு நாள் இருட்டறையில் படுத்துவிடுவாள்.
ஃபைலை நீட்டியவள் அப்படியே நின்றாள்.
மூக்கு விரிந்தது.
என் முழங்கை மேசைக்குக் கீழே போய் ஒளிந்தது.
"யாராவது குழந்தையைத் தூக்கிட்டு வந்தாங்களா?"
இல்லை என்றேன். அது பொய்யும் இல்லை.
"உச்சந்தலை," என்றாள்.
"குளிப்பாட்டித் துவட்டினதும் வருமே, அது."
கொஞ்ச நேரம் நின்றாள்.
ஃபைலைக் கொடுக்க மறந்து
திரும்ப எடுத்துக்கொண்டே போனாள்.
அவள் மேசையில் ஒரு புகைப்படம்கூட இல்லை.
பதினாறு மாதமாகப் பக்கத்தில் இருக்கிறேன்,
அப்போதுதான் பார்த்தேன்.

மதியம் முழுக்கத் திருட்டுப் பயம்.
நெற்றியைப் பிடிக்கிறாளா, விளக்கை அணைக்கிறாளா.
மூன்று மணிக்கு சாக்லேட் தின்றாள்.
நாலரைக்குக் கையசைத்துவிட்டுப் போனாள்.

திரும்பும் ஃபெர்ரியில் இருட்டு.
நம் மொழியில் நாற்றம் என்றால் முன்பு நறுமணம்.
எத்தனை உடம்பு போட்டுக் கழற்றி
அந்தச் சொல் இப்படித் திரிந்ததோ.
இந்தச் சொட்டு எதிர்த்திசையில் போகிறது:
காலையில், என் மூக்கில், இன்றைய பொருள்.
டொரீனிடம் போனபோது பழைய பொருள்.

இரவு ஒன்பதரை. கோட். ஸ்வெட்டர்.
தெர்மல் தலைக்கு மேலே போகும்போது
அரைக் கணம், சூடாக ஏதோ எழுந்தது.
பாலா, பழைய காகிதமா, வியர்த்த உள்ளங்கையா,
பெயர் வைப்பதற்குள் ஹீட்டர் காற்று கொண்டுபோனது.
மறுபடி மோந்தேன். தோல்.

நாளை வெள்ளிக்கிழமை. டொரீன் வருவாள்.
குப்பியில் இன்னும் பத்துப் பதினைந்து சொட்டு.
மூடியைத் திருகி இறுக்கினேன்.
வாசனையில்லாத சோப்பால்
முழங்கையை இரண்டு தடவை கழுவினேன்.
போயிற்றா என்று
அவளைத்தான் கேட்க வேண்டும்.